பையனுக்கு என்ன ஆகிடும்?

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொண்ணு இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். பையன் மே தினப் பூங்காவிலிருந்து எப்போது வந்தாலும் சரி. "பையனுக்கு என்ன ஆகிடும்?"

பதில் 2006-லேயே சென்னையில் கிடைத்துவிட்டது. வித்யா ரெட்டி தொடங்கிய 'துளிர்' அமைப்பு, நகரின் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் ஆய்வு நடத்தியது. 42 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்திருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 48.

குற்றவாளியைப் பிடிப்பது போலீஸ் வேலை. குற்றமே நடக்காமல் பார்ப்பது பொதுச் சுகாதார வேலை. டெங்குவுக்குக் கொசு மருந்தைவிடத் தேங்கிய தண்ணீரை அகற்றுவது முக்கியம் என்பதுபோல. அதற்கு முதலில் கணக்கு வேண்டும். அதைத்தான் துளிர் அமைப்பினர் எடுத்தார்கள். கூடவே, தங்கள் உடலின் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார் வித்யா.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம்.

நாம்தான் இன்னும் பிரிக்கிறோம். பையனிடமும் பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அவனுக்கும்தான்.