முப்பது நாள் தள்ளி நில்

கன்னம் ஒருபக்கம் வீங்கிய மனித முகம் ஒன்று தூணின் உச்சியிலிருந்து என்னைப் பார்த்தது. சட்டென்று என் கை தாடைக்குப் போனது.

குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரில், பீலே வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் இருக்கிறது பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். அதன் உள்முற்றத்தைச் சுற்றிலும் இரட்டை இரட்டையாக மெல்லிய தூண்கள். தலைப்புகளில் இலைகள், விலங்குகள், விசித்திர முகங்கள். பல்வலியால் அவதிப்பட்ட சிற்பி மிஹோயே பிராய்கோவ் தன்னையே இப்படிச் செதுக்கிக்கொண்டார் என்பது ஊர்ப்பேச்சு. 1348இல் கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோனது என்கிறார்கள்.

வலிக்கு மருந்து பக்கத்திலேயே இருந்தது. இந்த மடத்தின் மருந்தகம் 1317இல் தொடங்கியது. பழைய கடையின் பீங்கான் ஜாடிகள், குழவிகள், தராசுகள் எல்லாம் இப்போது காட்சிக்கு. வெளியே இன்றைய மருந்தகத்தில், பழைய செய்முறைப்படி தயாரித்த முகக் களிம்பு வாங்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். நானும் நின்றேன்.

ஆனால் 1348இல் வந்த நோய்க்கு எந்த ஜாடியிலும் மருந்து இல்லை.

எதிரே ஓனோஃப்ரியோ நீரூற்று. பதினாறு கல்முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த பதினைந்தாம் நூற்றாண்டு ஏற்பாடு அது. அதன் பின்னால் புனித கிளாரா கன்னிமாடம்; இங்கேதான் 1432இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக நகராட்சி ஓர் இல்லம் திறந்தது. அந்த இடத்தில் இன்று உணவகம். தட்டுகள் மோதும் சத்தம். தண்ணீர், அநாதைக் குழந்தை என்று ஒவ்வொன்றும் ஊர்ச்சபையின் வேலையாக இருந்திருக்கிறது. இவற்றுக்கு முன்பே கொள்ளைநோயையும் ஊர்ச்சபை தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது ரகூசா என்று பெயர்பெற்றிருந்த இந்த ஊர் கப்பலை நம்பிப் பிழைத்தது. துறைமுகத்தைச் சாத்தினால் கஞ்சிக்கு வழியில்லை. திறந்து வைத்தால் சாவு உள்ளே வரும். 1377 ஜூலையில் பெருஞ்சபை ஒரு நடுவழி கண்டது. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் மர்கான் தீவிலோ சாவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகுதான் நகருக்குள் நுழையலாம். அனுமதியின்றி அவர்களைப் போய்ப் பார்க்கும் உள்ளூர்க்காரருக்கும் அதே ஒரு மாதம். பின்னாளில் இந்தக் கெடு நாற்பது நாளானது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் கொரோனா நாட்களில் நம் வாயில் புழங்கிய 'குவாரன்டைன்'.

நோய்க்கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலம். கெட்ட காற்றுதான் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். சபையில் இருந்த பிரபுக்களோ வணிகம் தெரிந்தவர்கள். நோய் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்பலில் வருகிறது என்பதைக் கவனித்திருந்தார்கள். நோயாளியை மட்டும் ஒதுக்கவில்லை. நன்றாக இருப்பவரையும் நாள் எண்ணிக் காக்கவைத்தார்கள். புதுமை அதில்தான்.

பழைய துறைமுகத்தில் சாவ்தாத் படகு ஏறினேன். இடப்பக்கக் கரையில் லசரெட்டி கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன. பதினேழாம் நூற்றாண்டில், தங்கவைப்பதற்கென்றே கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. 1377இல் அப்படி எதுவும் இல்லை. சாவ்தாத்தை நெருங்கும்போது மர்கான் கண்ணில் பட்டது: பாறை, கொஞ்சம் புதர், கடற்காகங்கள். அவ்வளவுதான். மேலே வெயில், சுற்றிலும் உப்புத் தண்ணீர். அன்று இங்கே காத்திருந்தவருக்கு, அடுத்தவர் இருமினால்கூட நெஞ்சு பதறியிருக்கும்.

மாலையில் திரும்பும் படகு முக்கால் மணி நேரத்தில் நகர வாசலில் இறக்கிவிட்டது. அன்று மர்கானில் இறங்கியவருக்கு இதே தூரத்தைக் கடக்க ஒரு மாதம் ஆகியிருக்கும்.