நடுங்காத கை... ஹீரோ வில்லனாவதை ரசிகர்கள் எப்போது நம்புகிறார்கள்?

நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை. இரவு நேரம். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் என்ஸோ, நோயாளியைப் பார்க்கப் பூக்களோடு வந்தவர். இன்னொருவன், உள்ளே குண்டடிபட்டுப் படுத்திருக்கும் விட்டோ கார்லியோனின் கடைசி மகன் மைக்கேல். காவலுக்கு இருந்த ஆட்களையெல்லாம் கிளப்பிவிட்டார்கள். பெரியவரைத் தீர்த்துக்கட்ட எந்த நேரமும் ஆள் வரலாம். இருவரிடமும் துப்பாக்கி கிடையாது. இருப்பதுபோல கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கார் வருகிறது, வேகம் குறைக்கிறது, நோட்டம் பார்க்கிறது, போய்விடுகிறது. என்ஸோ சிகரெட் எடுக்கிறார். பற்றவைக்க முடியாத அளவுக்குக் கை உதறுகிறது. மைக்கேல் லைட்டரை வாங்கிப் பற்றவைக்கிறான். பிறகு ஒரு நொடி தன் கையைத் தானே பார்க்கிறான். அது நடுங்கவே இல்லை.

அந்த நொடியில் ஒரு வார்த்தை வசனம் இல்லை. ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவின் 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் மைக்கேல் பிற்பாடு எத்தனையோ கொலைகளுக்கு உத்தரவு போடுகிறான். ஆனால், அவன் எங்கே மாறினான் என்று யாராவது கேட்டால், இந்த சிகரெட் காட்சியைத்தான் காட்ட வேண்டும். இத்தனைக்கும் அதுவரை அவன் யார் மீதும் கை வைக்கவில்லை. அப்பாவைக் காப்பாற்ற ஓடிவந்த பிள்ளை. தியேட்டரே அவன் பக்கம். ஆபத்து நேரத்தில் பதறாத பையன் என்று எந்தக் குணத்தை எல்லோரும் மெச்சுகிறார்களோ, அதே குணம்தான் பின்னால் எதிரிக் குடும்பங்களின் தலைவர்களை ஒரே நாளில் சாய்க்கவும் அவனுக்குக் கைகொடுக்கப்போகிறது.

நல்லவன் கெட்டவனாகும் கதைகள் பலவும் சொதப்புவது இங்கேதான். கெட்ட குணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவார்கள். இடைவேளைவரை அன்பே உருவாக இருந்தவர், ஒரு துரோகமோ ஒரு சாவோ நடந்ததும் வேறு ஆளாகிவிடுவார். கண்ணுக்கு மை, கறுப்புச் சட்டை, புது பி.ஜி.எம். ரசிகர் விசிலடிப்பார், ஆனால் நம்பமாட்டார். நம்ப வேண்டுமென்றால், முதல் பாதியில் அவரே கைதட்டிய ஒன்றிலிருந்து அந்தக் கெடுதல் முளைத்து வர வேண்டும்.

மைக்கேல் படத்துக்குள் வரும்போது ராணுவ சீருடையில் வருகிறான். இரண்டாம் உலகப் போரில் பதக்கம் வாங்கியவன். தங்கையின் கல்யாணத்துக்குக் காதலி கேயை அழைத்து வந்திருக்கிறான். அப்பா எப்படிப்பட்ட ஆள் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்கிறான். சொல்லிவிட்டு, இது என் குடும்பம், நானில்லை என்கிறான். அந்த நேரத்தில் அவன் சொல்வது பொய்யும் இல்லை. அல் பசினோவை இந்த வேடத்துக்குப் போட ஸ்டூடியோவுக்கு ஆரம்பத்தில் விருப்பமே இல்லை. அப்போது பெரிய பெயர் இல்லாத நடிகர், ஆளும் சாது. யோசித்தால் அந்தச் சாதுத்தனம்தான் படத்தின் முதல் பாதியையே தாங்குகிறது.

ரெஸ்டாரன்ட்டில் இரண்டு பேரைச் சுட்டுவிடலாம் என்று மைக்கேல் முதலில் சொல்லும்போது அண்ணன் சன்னி சிரிக்கிறான். கேமரா மட்டும் சிரிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவனை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. சாகப்போகிற இருவரில் ஒருவன் அப்பாவைச் சுட ஏற்பாடு செய்தவன். இன்னொருவர் அவனிடம் சம்பளம் வாங்கும் போலீஸ் அதிகாரி, மைக்கேலின் தாடையை உடைத்தவர். ஆகவே, அந்தக் கொலைகளுக்கும் ரசிகர் மனதில் அனுமதி கிடைத்துவிடுகிறது. அடுத்து சிசிலியில் மைக்கேலின் இளம் மனைவி கார் குண்டில் சாகிறாள். இங்கே நியூயார்க்கில் சன்னியைச் சல்லடையாக்குகிறார்கள். ஒவ்வொன்றும் இன்னொரு அனுமதிச் சீட்டு. கடைசியில் தங்கை குழந்தையின் ஞானஸ்நானம். தேவாலயத்துக்குள் சாத்தானைத் துறக்கிறேன் என்று மைக்கேல் வாக்குக் கொடுக்கிறான். வெளியே அவன் அனுப்பிய ஆட்கள் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்த கையோடு, அந்தக் குழந்தையின் தகப்பனையே, அதாவது சொந்தத் தங்கையின் கணவனையே, காரில் ஏற்றிக் கழுத்தை நெரிக்கிறார்கள்.

கே கேட்கிறாள், உண்மையா என்று. இல்லை என்கிறான். ஒரே வார்த்தைதான். எத்தனையோ பிணங்களைத் தாண்டி வந்த ரசிகருக்கு அந்த ஒரு பொய்தான் வலிக்கிறது. அதன் பிறகு கதவு சாத்தப்படுகிறது. கவனித்துப் பார்த்தால், கேமரா அறைக்குள்ளேதான் இருக்கிறது. கதவு கேயின் முகத்தை மறைக்கிறது. பார்ப்பவர் வெளியே கேயோடு நிற்கவில்லை, உள்ளே மைக்கேலோடு இருக்கிறார்.

இந்தப் படத்தோடு அடிக்கடி ஒப்பிடப்படும் 'தேவர் மகன்' (1992) கதையின் பாதையும் கிட்டத்தட்ட இதேதான். படித்துவிட்டு, ஊருக்குச் சம்பந்தமில்லாத காதலியோடு வந்து இறங்கும் மகன், அப்பாவின் நாற்காலியில் உட்கார நேர்கிறது. கடைசியில் சக்தியின் கையிலும் ரத்தம் படுகிறது. ஆனால், பழியை ஏற்கத் தயாராக நிற்கும் ஊர்க்காரர்களைத் தடுத்துவிட்டு, தானே போலீஸிடம் போகிறான். அங்கே கதவு சாத்திக்கொள்கிறது, இங்கே குற்றவாளி வெளியே வந்து நிற்கிறான். இரண்டுமே நல்ல முடிவுகள்தான். ஆனால், சக்தி கடைசிவரை ஹீரோ. கமல் எழுதிய திரைக்கதை அவனை வீழவிடவில்லை.

வீழவிடாமல் பார்த்துக்கொள்வதில் தமிழ் சினிமாவுக்கு நீண்ட பயிற்சி உண்டு. அதற்கு அது கண்டுபிடித்த பெரிய வசதி, இரட்டை வேடம். நல்லது ஓர் உடம்பில், கெட்டது இன்னோர் உடம்பில். ஒரே நடிகர் இரண்டு பக்கமும் நின்று கைதட்டல் வாங்கலாம், ஆனால் யாரும் யாராகவும் மாற வேண்டியதில்லை. 'வாலி'யில் (1999) அண்ணன் தேவாவின் கெட்ட எண்ணம் தம்பி சிவாவைத் தொடுவதே இல்லை. 'மங்காத்தா' (2011) வேறு ரகம். அஜித் அதில் ஒரே ஆள்தான், ஆனால் விநாயக் முதலிலிருந்தே அப்படித்தான். வில்லனாக நடிப்பது வேறு, வில்லனாவது வேறு. முதலாவதற்கு ஸ்டைல் போதும்.

இரண்டாவதன் விளிம்புவரை வந்த பெரிய பட்ஜெட் தமிழ்ப் படம் என்றால் ஷங்கரின் 'எந்திரன்' (2010). ரயிலில் ரவுடிகளிடமிருந்து சனாவைக் காப்பாற்றுகிற சிட்டிதான் படத்தின் உண்மையான ஹீரோ. தீ விபத்தில் எத்தனையோ பேரை வெளியே தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கேமராக்கள் முன்னால் நிறுத்துகிறது. கூச்சம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். காப்பாற்றத் தெரிந்ததற்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அதனால்தான் வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சிகளைச் சொல்லிக்கொடுக்கிறான். உணர்ச்சி வந்ததும் முதலில் வருவது காதல். சனாவின் அக்காவுக்குச் சிக்கலான பிரசவத்தைப் பார்த்து முடிக்கிறது சிட்டி, நன்றியில் சனா ஒரு முத்தம் கொடுக்கிறாள், அவ்வளவுதான். படம் தொடங்கியபோது சிட்டியை 'அது' என்று சொன்ன குழந்தைகள்கூட இந்த இடத்தில் 'அவன்' என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள்.

காதல் மறுக்கப்படுகிறது. ராணுவ அதிகாரிகள் முன்னால் ஆயுதத்தைப் பற்றிப் பேச வேண்டியவன் காதலைப் பற்றிப் பேசி, வசீகரனை அவமானப்படுத்துகிறான். ஆத்திரத்தில் வசீகரனே அவனைத் துண்டு துண்டாக வெட்டுகிறான். கெஞ்சக் கெஞ்ச வெட்டுகிறான். அந்தக் காட்சியில் யார் மனிதன், யார் எந்திரம் என்று ஒரு கணம் குழப்பம் வரும். குப்பைமேட்டில் கிடக்கும் அந்தத் துண்டுகள் தானாக எழுந்து, யோசித்து, பழிவாங்க முடிவெடுத்திருந்தால் அது எப்படிப்பட்ட படமாக இருந்திருக்கும்! எல்லாம் தயாராக இருந்தது. ஆனால், அங்கே ஒரு சிவப்பு சிப் வருகிறது. போரா அதைச் செருகியதும் 'அவன்' மறுபடி 'அது' ஆகிவிடுகிறான்.

அதற்குப் பிறகு வரும் சிட்டி கொண்டாட்டமாக இருக்கிறது. அந்த ஆட்டுக்குட்டிச் சத்தத்தை இன்றும் மிமிக்ரி மேடைகளில் கேட்கலாம். பயமாக மட்டும் இல்லை. தப்பெல்லாம் சிப்புடையது, சிட்டியுடையது அல்ல என்று ரசிகருக்கு ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது. சிப்பைக் கழற்றியதும் பழையபடி நல்லவன். நிஜத்தில் யாருக்கும் அப்படி ஒரு சிப் இருப்பதில்லை.

இதில் வேடிக்கை, சிப் இல்லாமலே இதைச் செய்த தமிழ்ப் படம் 1954-லேயே வந்துவிட்டது. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்றுதான் பலருக்கும் தெரியும். 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில் சிவாஜி அதில் தேசத்துரோகி ராஜனாக நடித்தார். ராஜன் திறமைசாலி, ரேடியோ இன்ஜினீயர். தன் ஆராய்ச்சியை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற புழுக்கம் அவனை ஜப்பான் பக்கம் தள்ளுகிறது. நாட்டுக்காக எதையாவது கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று துடித்த அதே மூளை, அதே பிடிவாதம். கடைசியில் மனைவி உஷாவின் கையால்தான் அவன் முடிவு. ரேடியோவை இங்கே பாராட்டியிருந்தால் ராஜன் மாறியிருக்க மாட்டானோ என்ற கேள்வி படம் முடிந்தும் போகாது.

அதன் பிறகு அந்தத் துணிச்சலைச் செல்வராகவனின் 'புதுப்பேட்டை'யில் (2006) பார்க்கலாம். அம்மாவை இழந்து, பிச்சை எடுத்து, உயிர் பிழைக்க ரவுடியாகும் குமாரின் ஒவ்வொரு வெட்டுக்கும் பார்ப்பவரிடம் ஒரு சமாதானம் இருக்கும். பிறகு நண்பனின் தங்கை கல்யாணம். தாலி எடுத்துக் கொடுக்க வந்தவன், தானே கட்டிவிடுகிறான். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. பசி இல்லை, பழி இல்லை, பயம் இல்லை. ஆனால், இவ்வளவு நேரம் கைதட்டி வளர்த்துவிட்ட அந்தத் தைரியம்தான் இப்போது மணமேடை ஏறியிருக்கிறது.

காரணம் சரியாக இருந்தும் தடுக்கி விழுந்த படமும் உண்டு. ஜார்ஜ் லூகாஸின் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' (2005). அம்மா தன் மடியில் சாவதைப் பார்த்த அனாகினுக்கு, கர்ப்பிணி மனைவியும் செத்துவிடுவாளோ என்ற பயம். சாவைத் தடுக்கும் வித்தை இருக்கிறது என்று பால்படீன் ஆசை காட்டுகிறார். இதைவிட நல்ல விதை கிடைக்காது. ஆனால், பால்படீன் முன்னால் மண்டியிட்ட கொஞ்ச நேரத்திலேயே கோயிலில் இருக்கும் குழந்தைகளைக் கொல்லப் போய்விடுகிறான். நடுவில் பத்துப் படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே தாவல். பழி நடிகர் ஹேடன் கிறிஸ்டென்சன் தலையில் விழுந்தது. திரைக்கதையில் இல்லாத படிகளை அவர் முகத்தில் எப்படிக் காட்ட முடியும்?

அனாகின் மனைவிக்காக என்கிறான். மைக்கேல் குடும்பத்துக்காக என்கிறான். அந்த வார்த்தை எந்த வீட்டிலும் புதிதல்ல. சாப்பாட்டு மேஜையில், கடன் வாங்கும்போது, பொய் சொல்லும்போது, பிள்ளையின் விருப்பத்தை மறுக்கும்போது, எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! 'காட்ஃபாதர்' வயதாகாமல் இருப்பதற்கு மாஃபியா காரணமில்லை.

1974-ல் வந்த இரண்டாம் பாகத்தில், தனக்குத் துரோகம் செய்த அண்ணன் ஃப்ரெடோவைக் கொல்ல மைக்கேல் உத்தரவு போடுகிறான். அம்மா உயிரோடு இருக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போடுகிறான். ஏரியில் படகு, மீன் மாட்ட வேண்டும் என்று ஃப்ரெடோ ஜபம் சொல்லிக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது மைக்கேல் ஜன்னலருகே நிற்கிறான்.

உடனே படம் 1941-க்குப் போகிறது. அப்பாவின் பிறந்தநாள், அண்ணன் தம்பிகள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்கிறான் இளம் மைக்கேல். சன்னி கொதிக்கிறான். யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த மேஜையில் எழுந்து அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்துவது ஒரே ஒருவன், ஃப்ரெடோ.