ஞாயிற்றுக்கிழமைக் கடப்பா

கும்பகோணத்தில் வார நாளில் கடப்பா கேட்டால் பல கடைகளில் ஒரே பதில்தான்: "ஞாயித்துக்கிழமை வாங்க சார்." தினமும் உண்டு என்று சொன்ன சில கடைகளில் இலையில் விழுந்தது, தண்ணீர் விட்டு நீட்டிய குருமா. நல்ல கடப்பாவைத் தேடி மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்களிலும் கும்பேஸ்வரன் கோயில் பக்கத்திலும் காலை வேளைகளில் அலைந்தேன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தைத் தாண்டினால் பலருக்கு இதன் பெயரே தெரியாது. இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறு இல்லை என்பது என் கட்சி.

சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும்தான் இதன் உடம்பு. தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பூண்டு, கொஞ்சம் பொட்டுக்கடலை அரைத்துச் சேர்க்க வேண்டும். தாளிக்கப் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வெங்காயம். மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது. இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். வெளிறிய மஞ்சளில், நாக்கை உறுத்தாத காரத்தோடு இருக்கும். மஞ்சள்தூள் போடலாமா, தக்காளி சேருமா என்று கேட்டால் ஊருக்குள் ஆளுக்கொரு தீர்ப்பு.

கடைசியில் நல்ல கடப்பா கிடைத்தது ஒரு சந்துக்குள் இருந்த சின்ன மெஸ்ஸில். இட்லியின் காலடி வரை வந்து நின்றது; இலையில் ஓடவும் இல்லை, கட்டியாகக் குந்தவும் இல்லை. சாப்பிட்ட கையோடு மாஸ்டரைப் பார்த்து, அடுத்த ஞாயிறு அடுப்படியில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "விடியறதுக்கு முன்னாடி வந்துடுங்க. வெளிச்சம் வந்தப்புறம் பேச நேரமிருக்காது" என்றார்.

போனபோது பருப்பு வெந்துகொண்டிருந்தது. 2 கிலோ பருப்புக்கு 4 கிலோ உருளை, 5 தேங்காய் என்பது அந்தக் கடைக் கணக்கு. மாஸ்டர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். பருப்பு மலர்ந்திருந்தது, ஆனால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. "இதுக்கு மேல வெந்தா பாயசம்" என்று உடனே அடுப்பைத் தணித்தார்.

பக்கத்தில் ஓர் அக்கா அவித்த உருளையை உரித்துக்கொண்டிருந்தார். சூடு ஆறக் காத்திருக்கவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தோலை இழுத்தார். உரித்ததைக் கட்டை விரலால் ஓர் அழுத்து. பாதி மாவாகி, பாதி துண்டாக நின்றது. "மசிச்சிட்டா எல்லாம் ஒண்ணாப் போயிடும் தம்பி. முழுசாப் போட்டா குழம்பு தனி, கெழங்கு தனி." குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது அந்த மாவுப் பாதி, கடிக்கக் கிடைப்பது மற்ற பாதி. இந்த ஓர் அழுத்தில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அரைத்த விழுது விழுந்தபின் மாஸ்டர் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு கொதி வந்ததும் இறக்கினார். அதிகம் கொதித்தால் தேங்காய் எண்ணெய் விடும், பச்சை மிளகாய் வாசமும் சோம்பு வாசமும் போய்விடும். இறக்கியபிறகும் வேலை முடியாது. பருப்பும் கிழங்கும் சேர்ந்ததால் நேரமாக ஆகக் குழம்பு இறுகிக்கொண்டே வரும். வெந்நீர் விட்டு இளக்கலாம். ஒருமுறைக்கு மேல் விட்டால் சவசவத்துப் போகும். சாம்பார் மதியம் வரை தாங்கும், கடப்பா தாங்காது. மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். கூட்டம் நிச்சயம் என்று தெரிந்த ஞாயிறன்று மட்டும் பல கடைகள் போடுவதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான்.

தஞ்சைப் பக்கம் எந்தப் பண்டத்துக்கும் ஓர் அரண்மனைக் கதை சொல்வார்கள். கடப்பாவையும் மராத்திய மன்னர்களின் சமையற்கட்டில் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கைப் பயிரிட்டது 1820-களில். அந்தக் கிழங்கு மலையிறங்கி, டெல்டாச் சந்தைகளில் மலிந்து, கடைச் சமையலுக்குள் நுழைய இன்னும் காலம் ஆகியிருக்கும். தஞ்சை அரசு 1855-லேயே முடிந்துவிட்டது. இது காப்பி கிளப்புகளின் அடுப்பில், பெயர் தெரியாத ஒரு சரக்கு மாஸ்டரின் கையில் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

கிழங்கு வெளியூர்க்காரன் என்றாலும் தட்டில் இருக்கும் அரிசியும் உளுந்தும் பருப்பும் இந்த டெல்டா வயல்தான். மெஸ்ஸில் இட்லிக்குப் போடுவது குண்டு அரிசி. ஏடிடி 37 என்ற அந்தக் குறுகிய, பருத்த நெல்லை 1987-ல் வெளியிட்டது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். 1922-ல் தொடங்கிய அந்த நிலையம் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிறது. 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம் அது. குறுவை முடிந்து தாளடி, சம்பா விளைந்து நிற்கும் தை மாதத்தில், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, ஈரம் காயாத நெல்வயலுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவார்கள். உழவில்லை, பாசனமில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளில் விளைந்துவிடும். இட்லியின் உளுந்தும் கடப்பாவின் பருப்பும் அந்த நெல்தரிசில் ஒன்றாக முளைத்தவை.

இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் இளம் பயறு நசுங்கிப்போகிறது. அறுப்புக்குப் பிறகு விதைத்தாலோ ஈரம் போதுவதில்லை. திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தன் வயலில் இயந்திரம் போன தடம் முழுக்கச் செத்துக்கிடந்த பயற்றைக் காட்டினார். "ஆள் வச்சு அறுத்தாத் தப்பும். ஆளுக்கு எங்க போறது?" என்றார். மெஸ்ஸிலும் அதே குறைதான். மாஸ்டரிடம் தொழில் பழகிய பையன்களில் யாரும் இப்போது ஊரில் இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அங்கே தோசைக்கல்லில் நிற்கிறார்களாம். உருளை உரிக்கும் அக்காவின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். அதைச் சொன்னபோது அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. கடைகள் ஆளைத் தக்கவைக்க வேண்டுமானால் விடியலுக்கு முன் எழுகிற உழைப்புக்கு அதற்குத் தக்க கூலி தர வேண்டும். ஒரு பிளேட் இட்லிக்குப் பத்து ரூபாய் கூடினால் முகம் சுளிக்கிற நாமும் இதில் பாதிப் பொறுப்பு.

போகிறவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்; ஒன்பதுக்கு வெந்நீர் ஏறிவிடும். பங்குனி கடைசியில், சித்திரையில் போனால் புதுப் பயறு வந்திருக்கும். கடப்பாவை வாளியோடு கொண்டுவருவார்கள். முதலில் கொஞ்சம் மட்டும் ஊற்றச் சொல்லி, இட்லி சூடாக இருக்கும்போதே தொட்டுச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். கேட்டால் முகம் கோணாமல் ஊற்றுவார்கள்.