படிக்கட்டில் ஒரு கடல்

மோந்த்ரேய், பாரிஸ் பக்கம்
வியாழன் இரவு

மாப்ளே,

இங்கே கடல் இல்லை. நேற்றுவரை தெற்கே சான் த்ரோப்பேயில் இருந்தேன். அங்கே கடல் உண்டு. ஆனால் எட்டி எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. துறைமுகம் முழுக்க மாடி மாடியாக உல்லாசப் படகுகள், பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு நெருக்கமாக நிற்கின்றன. நான் நடந்த தூரம்வரை ஒரு வலை காயவில்லை. கருவாட்டு வாசம்கூட இல்லை. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஓவியர் சின்யாக் 1892இல் 'ஒலிம்பியா' என்ற பாய்மரப் படகில் வந்து இறங்கிய ஊர் இது. ஆயுளில் முப்பது படகுக்கு மேல் வைத்திருந்த மனிதர், காற்றைக் கேட்டுக் கேட்டே ஓட்டியவர்.

பழைய தேவாலயம் ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், அனோன்சியாட் என்று பெயர். அதற்குள் போய் அவர் படங்களுக்கு முன்னால் நின்ற பிறகுதான் மனசு ஆறியது. கிட்டே போனால் வெறும் புள்ளி. கலக்காத நீலம், பக்கத்திலேயே கலக்காத ஆரஞ்சு. பத்தடி பின்னால் வா, தண்ணீர் அசைகிறது. வெளுக்கும் நேரத்தில் வள்ளம் தள்ளும்போது நம் கரையில் ஒரு மினுக்கம் கிடக்குமே, அதேதான். வீட்டு நினைப்பு வந்துவிட்டது, போ.

ஆனால் நான் இத்தனை தூரம் வந்தது அவருடைய வேறொரு படத்துக்காக. ஒன்பதாம் எண் மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் மோந்த்ரேய் நகராட்சி அலுவலகம். அதன் படிக்கட்டில் மாட்டியிருக்கிறார்கள். 'இணக்கத்தின் காலத்தில்' என்பது தலைப்பு. மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டர் அகலம். பிறப்புச் சான்றுக்கும் வீட்டு மனுவுக்கும் வருகிற சனம் அதன் கீழேதான் ஏறி இறங்குகிறது.

அப்படி ஏறிவந்த ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார். கணுக்கால்வரை தொங்கும் நீல அங்கி, கையில் காகிதக் கட்டு. மாலி நாட்டுக்காரர், இந்த ஊரில் அவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்த பாண்டிச்சேரி பிரெஞ்சில் பேசினேன், அவர் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். எந்த ஊர் என்றார். கடற்கரை ஊர் என்றேன். "எங்கள் நாட்டில் கடல் கிடையாது, ஆறுதான்" என்று படத்தைக் காட்டினார். "இந்த ஆற்றை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டு ஏறுகிறேன்."

அவருக்கு அது ஆறு, மாப்ளே. வேலை முடிந்தால் எங்கள் ஊரிலும் இப்படித்தான் கரையில் கிடப்போம் என்று ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டுவதுபோல் விரலை நகர்த்தினார். கை நீட்டி அத்திப்பழம் பறிப்பவன், பிள்ளையோடு இருக்கும் தாய், குண்டு உருட்டி விளையாடுகிறவர்கள், புத்தகம் படிக்கிறவன், தூரத்தில் மரத்தடியில் ஆட்டம். கீழே சேவலும் கோழியும் நிற்பதைக் காட்டிச் சிரித்தார். கடல் என்று நான் திருத்தவில்லை. திருத்த மனசு வரவில்லை. வரிசையில் அவர் முறை வந்ததும் என் தோளைத் தட்டிவிட்டு மேலே போனார். அவர் போனபின் நான் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

இந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'அரசில்லாக் காலத்தில்'. அரசும் முதலாளியும் இல்லாமல் உழைக்கிறவர்களே கூடி வாழ முடியும் என்று உறுதியாக நம்பியவர் சின்யாக். 1894இல் அந்தக் கொள்கைக்காரன் ஒருவன் குடியரசுத் தலைவர் கார்னோவைக் குத்திக் கொன்றான். அடக்குமுறை பாய்ந்தது. சின்யாக்கின் நண்பரும் விமர்சகருமான ஃபெனியோன் கூண்டில் ஏற்றப்பட்டு, பிறகு விடுதலையானார். அந்தச் சூழ்நிலையில்தான் பெயர் மாறியது. பிரஸ்ஸல்ஸில் தொழிலாளர்கள் கட்டிய மக்கள் மாளிகைக்குப் படத்தைத் தர சின்யாக் முன்வந்தார். அங்கே அது ஏறவே இல்லை. 1935இல் அவர் இறந்தார். மனைவி பெர்த் 1938இல் இந்த நகராட்சிக்குக் கொடுத்தார்.

கோபமாக வரையத் தெரியாதவர் இல்லை. 1896இல் அதே கொள்கைக்காரரான ழான் கிராவின் பத்திரிகைக்குக் கடப்பாரையோடு இடிக்கிறவர்களை வரைந்து கொடுத்திருக்கிறார். நாம் வரையும் முஷ்டி மாதிரி. ஆனால் பெரிய துணியில், முழு பலத்தையும் போட்டு வரைந்தது ஒரு பிற்பகலை. நாம் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் என்ன வரைந்தோம்? செத்த மீன், மண்டையோடு, கரையைத் தின்னும் அலை. அத்தனையும் உண்மைதான், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எதைக் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறோம் என்பதை ஒரு மூலையில்கூட வரையவில்லையே. பாடு முடிந்து வந்து வலையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற உன் அப்பாவை நாம் வரையவில்லை, மாப்ளே. அவரைச் சுவரில் பார்த்திருந்தால் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அடுத்த வெள்ளி வந்துவிடுவேன். அதற்குள் கூடத்தின் கிழக்குப் பக்கச் சுவரை வெள்ளையடித்து வை, எழுத்து எதுவும் போட்டுவிடாதே. பெரியவர்கள் சீட்டாடுகிற வேப்பமர நிழல் மூன்று மணிக்கு எங்கே விழுகிறது, நான்கு மணிக்கு எங்கே விழுகிறது என்று கரித்துண்டால் கோடு போட்டு வை.