இராமேஸ்வரத்தில் ஒரு ஆடி அமாவாசை

எங்களிடம் இருக்கும் நீல நிறப் பயணப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், இலங்கையைத் தவிர. 2021 இல் அப்பா காலமானபோதுதான் அந்த வரியின் பாரம் எனக்குத் தெரிந்தது. தம்பி கொள்ளி வைத்ததை இரவு வேலை முடிந்து வந்து தொலைபேசித் திரையில் பார்த்தேன்.

"மூத்தவன்ரை கையால அந்த மனிசனுக்கு ஒருக்கா எள்ளும் தண்ணியும் இறைக்க வேணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரென்றால் கீரிமலை. அங்கே நான் போக முடியாது. ஆகவே 2024 இல், தொழிற்சாலைக் கோடை விடுமுறையில், ஜேர்மனியிலிருந்து நான் சென்னைக்குப் போனேன். அம்மாவும் தம்பியும் பலாலியிலிருந்து விமானத்தில் வந்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு சந்தித்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

போக நினைக்கும் உறவுகளுக்கு ஒன்று: இந்தப் புத்தகத்துக்கு இந்திய விசா எடுக்க நாட்கள் செல்லும். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள். நான் வாங்கிவிட்டு நித்திரையில்லாமல் கிடந்தேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில். மண்டபத்துக்குச் சற்று முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம். 1990 இல் பெரியம்மா குடும்பம் வள்ளத்தில் வந்திறங்கி முதலில் தங்கியது அங்குள்ள அகதி முகாமில்தான். 2022 இல் ஊரில் சாமான் விலை ஏறியபோது வந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். அம்மா யன்னலால் பார்த்தபடியே இருந்தார். 1914 இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அப்போது மூடப்பட்டிருந்ததால் மண்டபத்தில் இறங்கி, தெருப் பாலத்தால் ஓட்டோவில் போனோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். இப்போது ரயிலிலேயே தீவுக்குள் போகலாம்.

ஓகஸ்ட் 4, ஆடி அமாவாசை. விடியுமுன்னே கடற்கரை முழுக்கச் சனம். கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் உள்ள கடலைத்தான் அக்கினி தீர்த்தம் என்கிறார்கள். அலை இல்லை, குளம் போலக் கிடக்கிறது. பிதிர்க்கடன் செய்விக்கும் ஐயர்மார் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். காசை முதலே பேசிக்கொள்ளுங்கள், பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

ஐயர் கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். எங்களைப் போல எத்தனை பேரைக் கண்டிருப்பாரோ, "சிவ கோத்திரம்" என்று தானே சொல்லிக்கொண்டார். பிறகு, அப்பா பெயர், பாட்டனார் பெயர், பூட்டனார் பெயர் சொல்லுங்கள் என்றார். இரண்டு பெயர் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. கையில் எள்ளோடு முழுசிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற அம்மா, தன் மாமனாரின் தகப்பன் பெயரை மெதுவாகச் சொன்னார். அவர் கண்ணாலும் காணாத ஒரு மனிதர். சொல்லிவிட்டு, "உனக்கு ஆர் சொல்லித் தந்தது, நீ தெரிஞ்சு வைக்க" என்றார். கோபமாக அல்ல.

அறைக்குத் திரும்பியதும் மூன்று பெயர்களையும் கடதாசியில் எழுதி அந்த நீலப் புத்தகத்துக்குள் வைத்தேன். என் மகனுக்கு ஏழு வயது.

கடலில் முழுகிய பின் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். அநேகமானவை கிணறுகள். ஆட்கள் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறார்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்பில்லை. கீரிமலைக் கேணியும் அப்படித்தானே என்று தம்பி சொன்னான். ஈர உடுப்போடு மூலஸ்தானப் பக்கம் விடமாட்டார்கள், மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். தொலைபேசியை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

உள்ளே இரண்டு லிங்கங்கள். சீதை மணலால் பிடித்தது இராமலிங்கம், அனுமன் கொண்டுவந்தது விசுவலிங்கம் என்பது தலபுராணம். பிந்தி வந்த அனுமனின் மனம் நோகக்கூடாதென்று விசுவலிங்கத்துக்கே முதல் பூசை. பிந்தி வந்தவனுக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. வெளிப் பிரகாரத்தைச் சேதுபதி மன்னர்கள் 18 ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தார்கள். 1212 தூண்களாம். நான் எண்ணவில்லை, காலுளைந்தது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. யாழ்ப்பாண அரசர்கள் தங்கள் நாணயத்தில் 'சேது' என்று பொறித்தார்கள் எனப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். படித்ததில் மிஞ்சியது கொஞ்சம், அதில் இதுவும் ஒன்று.

பின்னேரம் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். ரயிலொன்றும் பயணிகளோடு கடலில் போனது. உடைந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. அதன்பின் 1984 வரை இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. அப்பா இளந்தாரியாக அந்தக் கப்பலில் இங்கு வந்து போனவர்.

அரிச்சல்முனையில் தெரு முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீற்றர். வெறுங்கண்ணுக்குத் தண்ணீர்தான் தெரிகிறது. தம்பியின் தொலைபேசி கீச்சிட்டது. ஊர் சிம், ஊர்க் கோபுரத்தைப் பிடித்திருந்தது. அம்மா அதை வாங்கித் தங்கச்சிக்கு எடுத்தார்.

"பிள்ளை, நாங்கள் கடலுக்கு இஞ்சால நிக்கிறம். கொண்ணன் எல்லாம் வடிவாச் செய்திட்டான். ஆட்டுக்குக் குழை போட்டனியோ?"