முட்கொடியும் கலியாணப் பீங்கானும்

கலிபோர்னியா மாநிலத்தின் தெற்கே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் பியூனா பார்க் என்ற ஊர் இருக்கிறது. ஒரேஞ்ச் கவுண்டி என்னும் மாவட்டத்தைச் சேர்ந்தது. தோடம்பழத்தின் பெயரை வைத்திருக்கும் மாவட்டம்தான். ஆனால் தோடை மரங்கள் நின்ற காணிகள் எல்லாம் இன்று வீடுகளாகவும் கடைத்தொகுதிகளாகவும் அகன்ற வீதிகளாகவும் மாறிவிட்டன. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக 2023 சித்திரையில் அங்கே போய் ஐந்து மாதம் தங்கியிருந்தேன்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போனவளல்ல நான். பேரன் பிறந்தது வைகாசியில். அதுவரை மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் தனியேதான் இருந்தேன். காலையில் கடற்பக்கமிருந்து சாம்பல் நிற மூட்டம் வந்து ஊரை மூடிவிடும். பத்து மணிக்குப் பிறகுதான் வெயில். வளவில் கொஞ்சம் புல்லும் ஒரு தேசிமரமும் நின்றன. பக்கத்து வீட்டையும் எங்களையும் பிரிக்கும் பலகை வேலிக்கு மேலால் ஒரு முட்கொடி எட்டிப் பார்த்தது. வெள்ளைப் பூ, கரும்பச்சை இலை, தண்டு முழுக்க மயிர்போல மெல்லிய முள்.

"என்ன கொடி பிள்ளை இது?" என்று மகளிடம் கேட்டேன். "பொய்சன்பெரி அம்மா" என்றாள். எனக்குத் திக்கென்றது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு வேலியில் நஞ்சுக்கொடியா? அவள் சிரித்துவிட்டாள். நஞ்சுக்கான ஆங்கிலச் சொல் இல்லையாம். பொய்சன் என்பது ஒரு மனிதனுடைய பெயராம்.

பக்கத்து வீட்டுக்காரி எழுபத்தைந்து வயது தாண்டியவர். மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவர் பிறந்ததே கலிபோர்னியாவில்தான். நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப் போயிற்று. என்னுடைய ஆங்கிலம் சந்தைக்குப் போய்வர மட்டும் போதும். மிச்சத்தைக் கையாலும் முகத்தாலும் பேசிக்கொண்டோம். மகள் வீட்டில் நின்ற நாட்களில் அவள் மொழிபெயர்த்தாள்.

இந்தப் பழத்தின் கதையை முதலில் அவர்தான் சொன்னார். கறுப்பு பெரி, ராஸ்பெரி, லோகன்பெரி முதலிய முட்செடி இனங்களின் கலப்பில் பிறந்தது இது. 1920களில் ருடொல்ஃப் பொய்சன் என்பவர் கலிபோர்னியாவில் வளர்த்துப் பார்த்தவர். பழம் பெரிதாக வந்தது. ஆனாலும் அவர் அந்த முயற்சியைக் கைவிட்டுத் தோட்டத்தையும் விற்றுவிட்டார். பக்கத்து ஊரான அனஹைம் நகரின் பூங்காக்களுக்குப் பொறுப்பாளராக வேலை பார்த்தார். சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் டரோ என்பவர் அந்தப் பெரிய பழத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். பியூனா பார்க்கில் பெரி பயிரிட்ட வால்ட்டர் நொட் என்ற விவசாயியையும் கூட்டிக்கொண்டு பொய்சனின் பழைய காணிக்குப் போனார். அங்கே புல் மண்டிக் கிடந்தது. அந்தப் பற்றைக்குள் சில கொடிகள் மட்டும் நோஞ்சானாகக் கிடந்தன. அவற்றைக் கிளப்பிக் கொண்டுவந்து நொட் தன் தோட்டத்தில் நட்டுத் தேற்றினார். 1932 இல் பழம் விற்பனைக்கு வந்தது. பெயர் கேட்டவர்களுக்கு, முதலில் வளர்த்தவரின் பெயரையே நொட் சொன்னார்.

இதை மகள் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வளவுதான் கண்ணுக்குள் வந்தது. 2010 இல் மீளக் குடியேறப் போனபோது கிணற்றடியைக் கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளுயரத்துக்குக் காண்டாவனமும் நாயுருவியும். கண்ணிவெடி அகற்றிய இடத்துக்கு அப்பால் கால் வைக்கவேண்டாம் என்று கயிறு கட்டியிருந்தார்கள். வாசலில் நின்ற தேசியின் அடிக்கட்டையில் மூன்று துளிர் இருந்தது. உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு கட்டையின் முன்னால் நின்றிருப்பீர்கள். நட்டவர் உயிரோடு இல்லாத வளவுகளில் மரம் மட்டும் நின்றதையும் நாங்கள் பார்த்தோம்தானே. அன்றைக்கு நான் அழவில்லை. கத்தியை எடுத்துச் சுற்றியிருந்த பற்றையை வெட்டினேன். அதற்குத்தான் நேரம் இருந்தது.

வைகாசி நடுவில் பழுக்கத் தொடங்கி ஆனி கடைசி வரைக்கும் அறுவடை. பச்சைக்காய் சிவப்பாகும். சிவப்பைக் கண்டு ஆசைப்பட்டுப் பிடுங்கினால் பல் கூசும். கத்தரிப்பூ நிறமாகி, பிறகு கறுப்பாகி, மேலிருக்கும் மினுமினுப்புக் குறைந்த பிறகுதான் பதம். அப்போது விரல் பட்டாலே கழன்று வரும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். நடுத்தண்டு பழத்தோடேயே வந்துவிடும். சின்னச் சின்ன முத்துகள் சேர்ந்து ஒரு பழம். பெருவிரலின் மேல் கணு அளவு. கையெல்லாம் நாவற்பழம் பிடுங்கின மாதிரிச் சாயம்.

பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பிடுங்க வேண்டும். ஆழமான வாளியில் போட்டால் அடிப்பழம் நசிந்து சாறாகிவிடும். அக்கா தட்டையான பேணியில் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்க விடமாட்டார். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கொடியைப் பார்க்க வேண்டும். சாப்பிடப் போகும்போதுதான் கழுவுவது. முன்கூட்டிக் கழுவினால் பூஞ்சணம் பிடித்துவிடும். குருவிக்கு வலை போட்டிருந்தார். அணிலுக்கு ஒன்றும் செய்யமுடியாது என்றார். அது எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

கொடியின் வாழ்வு இரண்டு வருடம். இந்த வருடம் புதிதாய்க் கிளம்பும் கொடி பூக்காது, வளர மட்டும் செய்யும். அடுத்த வருடம் பூத்துக் காய்த்து, அறுவடையோடு காய்ந்துபோகும். ஆனால் வேர் சாகாது. ஆகவே காய்த்து முடிந்த கொடியை நிலமட்டத்தில் வெட்டி அகற்றிவிட்டு, கீழே கிடக்கும் இளங்கொடியைத் தூக்கிக் கம்பியில் கட்டவேண்டும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரண்டு கம்பி வரி, எங்கள் கொடித்தோடைப் பந்தலைவிடச் சுலபம். எந்தக் கொடி பழையது, எது இளசு என்று தெரியாமல் கத்திரிக்கோல் வைத்தால் அடுத்த வருடப் பழம் போச்சு. பழைய தண்டு கபில நிறத்தில் முறுகியிருக்கும். இளசு பச்சையாக வளையும். வேரடியில் அக்கா சருகும் வைக்கோலும் பரப்பியிருந்தார். அங்கே கோடையில் மழையே இல்லை. சிறு துளையிட்ட குழாயால் வேருக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

இவ்வளவு ருசியான பழம் ஏன் கடைகளில் அருமையாகத்தான் கிடைக்கிறது என்று கேட்டேன். பிடுங்கி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நில்லாது. தோல் மெல்லியது. லொறியில் ஏற்றினால் சாறு ஒழுகும். எங்கள் பாலைப்பழத்தின் குணம் என்று வையுங்கள். விளைகிற இடத்தில்தான் அதன் ருசி. தூரத்துச் சந்தைக்குப் போகவேண்டுமென்றால் அது சமையலறைக்குள்ளால்தான் போகவேண்டும்.

அந்தச் சமையலறைக்காரியின் கதை எனக்குக் கொடியின் கதையைவிடப் பெரிதாகப் பட்டது. வால்ட்டர் நொட்டின் மனைவி கோர்டீலியா. 1911 இல் கலியாணம். மொஹாவி பாலைவனத்தில் குடியேறிப் பார்த்தார்கள், விவசாயம் சரிவரவில்லை. 1920 இல் பியூனா பார்க்குக்கு வந்து குத்தகை நிலத்தில் பெரி போட்டார்கள். நான்கு பிள்ளைகள். வீதியோரக் கொட்டிலில் பழம் விற்றதோடு, மிஞ்சியதை ஜாமாகவும் மாப்பண்டமாகவும் செய்து கோர்டீலியா விற்றார். 1930களின் பொருளாதார மந்தம் எல்லாரையும் போட்டு வாட்டிக்கொண்டிருந்த காலம். 1934 ஆனி 13 அன்று, தன் கலியாணத்துக்கு வந்த பீங்கான்களை எடுத்து அடுக்கி, எட்டுப் பேருக்குப் பொரித்த கோழியும் பெரிப் பண்டமும் கொடுத்தார். ஒரு சாப்பாடு 65 சதம்.

கலியாணப் பீங்கான் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் எடுப்பது, விருந்தாளி போனதும் கழுவித் துடைத்துத் திரும்பவும் மேலே வைப்பது. அதைக் கண்டவர் நின்றவர் சாப்பிட வெளியில் வைப்பதற்கு ஒரு மனம் வேண்டும். கையில் வேறு முதல் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சாப்பாட்டுக்குச் சனம் வரிசையில் நிற்கத் தொடங்கியது. மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமென்று 1940 இல் வால்ட்டர் பழைய காலத்து ஊர் ஒன்றைப் போலக் கட்டிடங்கள் எழுப்பினார். அதுவே வளர்ந்து இன்றைக்குப் பெரிய கேளிக்கைப் பூங்காவாக நிற்கிறது. பிள்ளைகள் தலைகீழாகச் சுற்றும் இயந்திரங்களுக்காகப் போகிறார்கள். அதன் ஆரம்பம் ஒரு பெண்ணின் அடுப்படி என்பதை எத்தனை பேர் நினைப்பார்களோ தெரியாது.

ஆவணியில் மருமகன் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். பூங்காவுக்குள் போக ரிக்கெற் வேண்டும். கடை வெளியே இருப்பதால் அதற்குத் தேவையில்லை. பெயர்ப்பலகையில் "திருமதி நொட்" என்றுதான் இருக்கிறது. கோர்டீலியா என்ற பெயரைக் காணவில்லை. பழத்துக்கு ஒரு ஆணின் பெயர், பண்ணைக்கு இன்னொரு ஆணின் பெயர், சமைத்தவளுக்கு அவர் பெண்சாதி என்ற பெயர். கோழி உப்புக் கொஞ்சம் கூட, உறைப்பு மருந்துக்கும் இல்லை. பெரிப் பண்டம் மட்டும் சொல்லி வேலையில்லை. பேரன் தொட்டிலில் நித்திரை, நாங்கள் மூன்று பேரும் இரண்டு துண்டு எடுத்தோம்.

பிடுங்கிய கைகளின் பெயரோ எங்குமே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் தாயார் சின்ன வயதில் எல் மொன்ரே என்ற ஊர்ப்பக்கம் பெரி பிடுங்கியவராம். 1933 ஆனியில் அங்கே மெக்சிக்கோ நாட்டுத் தொழிலாளர் கூலி போதாதென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தோட்டக்காரரில் பெரும்பாலோர் யப்பானியர். அவர்களும் குத்தகைக்காரர்தான். 1913 ஆம் ஆண்டின் சட்டப்படி யப்பானியக் குடியேறிகள் கலிபோர்னியாவில் காணி வாங்க முடியாது. பிறகு 1942 இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட யப்பானிய வம்சாவளியினரை, அமெரிக்கப் பிரசைகளையும் சேர்த்து, வீடு வாசலை விட்டுக் கிளப்பி முட்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். கட்டிய கொடியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். 2009 இல் முட்கம்பிக்கு உள்ளே நின்றவள் நான். அதைக் கேட்டபோது மகளை மேற்கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அக்காவும் விளங்கிக்கொண்டு வேறு கதைக்கு மாறினார்.

ஜாம் காய்ச்சும் விதத்தை எழுதிக்கொண்டு வந்தேன். பழம் 1 கிலோவுக்குச் சீனி 750 கிராம், ஒரு தேசிக்காயின் புளி. பழத்தில் ஐந்தில் ஒரு பங்கு செங்காயாக இருந்தால் நன்றாக இறுகும். முதலில் பழத்தைத் தனியே மசிய வேகவிட்டு, விதை பல்லில் அகப்படும் என்பதால் பாதியை வடித்தெடுத்து, பிறகு சீனி போடுவது. நுரையை அள்ளிவிட்டு, குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பார்த்தால் சுருக்கம் விழவேண்டும். போத்தலும் மூடியும் கொதிநீரில் அவித்தவை. சூட்டோடே நிரப்பி இறுக மூடவேண்டும். ஊருக்கு வந்தபின் நாவற்பழத்தில் இதே கணக்கில் செய்தேன். கொட்டை எடுப்பதுதான் சள்ளை, மற்றும்படி நிறமும் ருசியும் ஏறக்குறைய அதேதான். எங்கள் மாதர் சங்கத்தில் ஆறு போத்தல் விற்றது. ஒரு போத்தலை நாங்களே நக்கி முடித்தோம்.

"ஒரு தடி கொண்டு வந்திருக்கலாமே" என்று வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். செடி கொடிகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அதோடு இந்தக் கொடிக்குக் கொஞ்சக் குளிர்காலமாவது வேண்டும், அப்போதுதான் கண் விட்டுப் பூக்கும். வன்னி வெயிலில் இலை விட்டாலும் பழம் எதிர்பார்க்க ஏலாது.

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டாம். ஆவணி முடிவில் இளங்கொடியின் நுனி நிலத்தைத் தொடும் நீளத்துக்கு வந்தபோது அக்கா ஒரு கொடியைப் பலகை இடைவெளியால் எங்கள் வளவுக்குள் விட்டார். மல்லிகைக்குப் பதியம் வைப்பதுபோல நுனியை நாலு விரலளவு மண்ணுக்குள் புதைத்து, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். தாய்க்கொடியிலிருந்து உடனே வெட்டக்கூடாது. நுனி வேர் பிடித்துத் துளிர் விட்ட பிறகுதான் வெட்டவேண்டும். புரட்டாதியில் நான் திரும்பிவிட்டேன். 2024 பங்குனியில் மகள் தொலைபேசியில் படம் அனுப்பினாள், கல்லுக்குப் பக்கத்தில் மூன்று இலை. "அம்மா, இப்ப வெட்டலாமோ?" என்று கேட்டாள். "வெட்டு, ஆனால் தண்ணியை மறந்திடாதை" என்றேன். அந்த வருடம் பூக்கவில்லை. 2025 வைகாசியில் பதினொரு பழம் காய்த்தது. பேரன் சிவப்பிலேயே ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்து முகத்தைச் சுழித்தானாம். முதலாவதாகக் கறுத்த பழத்தை அணில் கொண்டுபோய்விட்டது.