கத்தி வாங்கப் போன கதை

போன காணும் பொங்கலன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் மொட்டை மாடியில் பார்பிக்யூ என்று மகன் அறிவித்தான். அடுப்பு வந்தது, கரி வந்தது, முதல் நாளே தயிரும் மிளகாய்த்தூளும் தடவி ஊறவைத்த கோழி வந்தது. கோழியைத் துண்டு போடும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். வயசானவனுக்கும் ஒரு இலாகா வேண்டாமா?

கத்தி பார்சலில் வந்தது. எட்டங்குலம். முகம் பார்த்து மீசை கத்தரிக்கலாம், அவ்வளவு பளபளப்பு. கோழித் தொடையில் வைத்து இழுத்தேன். போகவில்லை. அமுக்கினேன். சர்ரென்று வழுக்கி என் இடது கட்டை விரலில் இறங்கியது. மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி. விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. வலது பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டு பேத்தி நின்றிருந்தாள். கத்தி அந்தப் பக்கம் வழுக்கியிருந்தால்? ரெண்டு ராத்திரி தூங்கவில்லை.

கட்டுப்போட்ட விரலோடு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனேன்.

"புதுக் கத்தி பாய், அதுவே வெட்டிடுச்சு."

"வெட்டாத கத்திதான் சார் கையை வெட்டும். மொக்கையா இருந்தா அமுக்குவீங்க, அமுக்கினா வழுக்கும்" என்றார். பேசிக்கொண்டே கால் விரல் இடுக்கில் நிமிர்த்திப் பிடித்த கத்தியில் கறியை இழுக்கிறார். வெண்ணெய் மாதிரி பிரிகிறது. எலும்புக்கு வேறு கத்தி. கனமானது, புளியமரக் கட்டைமேல் போடுவது. "ஒரே கத்தியில ரெண்டு வேலையும் ஆகணும்னு ஆசைப்படாதீங்க. சுட்ட கறிக்கு மெல்லிசா, ஒடுக்கமா வாங்குங்க."

இதற்காகக் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருப்பதால் சுலபத்தில் துருப்பிடிக்காது. வெறும் எஃகுக் கத்தி சீக்கிரம் தீட்டுப்படும், ஆனால் எலுமிச்சம்பழச் சாறு பட்டு அப்படியே விட்டால் கறுத்துப் போகும். இன்னொரு சங்கதி. ஈரோடு பக்கம் கொடுமணலில் பழங்காலத்திலேயே இரும்பு உருக்கிய அடையாளங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 1819ல் மைக்கேல் ஃபாரடேயே உட்கார்ந்து இந்திய உருக்கை ஆராய்ந்திருக்கிறார். நானோ பார்சலுக்குக் காத்திருந்தேன்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடை. முதலில் கைப்பிடியைப் பார்த்தேன். தகடு பிடியின் கடைசி வரை ஓடி, மூன்று ஆணியால் அறையப்பட்டிருக்க வேண்டும். பாதியில் நின்றால் ஒருநாள் பிடி தனி, கத்தி தனி. பிறகு உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கறி வெட்டும்போது கை அப்படித்தானே இருக்கும்? கடைக்காரர் என் கட்டையும், எண்ணெயையும், கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா சார்?"

ஆறங்குலத்தில் ஒடுக்கமான எஃகுக் கத்தி ஒன்றும், தீட்டுக்கல் ஒன்றும் வாங்கினேன். சாணைக்காரரிடம் அடிக்கடி கொடுக்காதீர்கள் என்று பாய் சொல்லியிருந்தார். பொறி பறக்கத் தேய்த்தால் சூட்டில் முனையின் பதம் போய்விடுமாம். கல்லை நனைத்து, கத்தியை லேசாகச் சாய்த்து, ரெண்டு பக்கமும் ஒரே அளவு தேய்த்தால் போதும்.

அடுத்த பார்பிக்யூவில் பேத்திக்கு நாலு அடி தள்ளி நாற்காலி போட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய கறியை ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கத்தியை வைத்தேன். அமுக்கவில்லை, இழுத்தேன். இறங்கியது! அரை கிலோ முடித்து நிமிர்ந்தால், அந்தக் கோடியில் மனைவி மீதி ஒன்றரைக் கிலோவையும் அருவாமனையில் முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல கத்திதாங்க" என்றாள், பெருந்தன்மையாக.

மறுநாள் காலையில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். என் கத்தியால் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.